டப்பா அடிக்கதுக்கு முன்னாடி கலர் மோடு: நம்ம ஊரு புது யாவாரிகளுக்கு

தீவாளிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே பாளையங்கோட்டை, திருநவேலி டவுன் பக்கம் இருக்க பிரஸ்லயும் டிடிபி கடையிலயும் கூட்டம் ஆரம்பிச்சிரும். அல்வா, கருப்பட்டி மிட்டாய், முறுக்கு, மசாலாப் பொடின்னு வீட்டுல செஞ்சு விக்கவங்க, ஒரு டப்பாவோ ஸ்டிக்கரோ அடிக்கணும்னு போன கைல வச்சுக்கிட்டு வந்துருவாங்க. டிசைன் போன்லயே ரெடியா இருக்கும், கிளிப்பச்சையில பேரு, மயில் நீலத்துல பார்டரு, பாக்க அம்சமாத்தான் இருக்கும். அடிச்சு வந்த பொறவு அதே போன டப்பா பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "என்ன அண்ணாச்சி, செத்த கலரா வந்துருக்கு?"ன்னு கேப்பாங்க. "போன்ல லைட்டுல்லா எரியுது, அட்டைல வெறும் மை தானே இருக்கு"ம்பாரு பிரஸ்காரரு. அவரு சொல்லுதது சரிதான், ஆனா அத டிசைன் போடுததுக்கு முன்னாடி சொல்லிருக்கணும்.

கலர் மோடுன்னா ரெண்டு, போன் ஸ்கிரீனுக்கு உள்ள வெளிச்சக் கணக்கு ஆர்ஜிபி, அச்சுக்கு உள்ள மைக் கணக்கு சிஎம்ஒய்கே. எல்லாரும் ஆர்ஜிபியா சிஎம்ஒய்கேவான்னு கேக்காங்க. அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ரெண்டு இருக்கு: எது மேல அடிக்கப் போறீங்க, எத்தன அடிக்கப் போறீங்க. இந்த ரெண்டுக்கும் பதில் கைல இருந்தா கலர் மோடு பெரும்பாலும் தானா முடிவாயிரும், இல்லாம டிசைன மொதல்ல போட்டு முடிச்சுட்டு கடைசில "சிஎம்ஒய்கேக்கு மாத்திக் குடுங்க"ன்னா அங்கதான் துட்டும் போயி கலரும் போயிரும்.

மொதல்ல பொருளு, பொறவு கலரு

அட்டை டப்பா, ஆயிரத்துக்கு மேலன்னா அது ஆஃப்செட்டுக்குத்தான், அதாவது பிளேட்டு (அச்சுத் தகடு) செஞ்சு அடிக்க மிஷினுக்குத்தான் போகும். இங்கயே அடிச்சாலும் சரி, சிவகாசிக்கு அனுப்பினாலும் சரி, சிஎம்ஒய்கே. நம்ம ஆளுங்க மல்டி கலர்னு சொல்லுதது இதத்தான், சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு பிளேட்டு, நாலு மை, இந்த நாலையும் பொடிப்பொடி புள்ளியா அடிச்சுத்தான் மத்த எல்லா கலரையும் கண்ணுக்குக் காட்டுவாங்க.

நூறு இருநூறு ஸ்டிக்கர் போதும்னா டிஜிட்டல் மிஷின். அதுக்கு பிளேட்டு கெடையாது, கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அடிச்சிரும். சில கடைல ஆர்ஜிபி ஃபைல் குடுத்தாலும் மிஷினே மாத்திக்கிடும், ஆனா அது எப்படி மாத்தும்னு நம்ம கைல இல்ல, அதனால கடைக்காரரு "ஆர்ஜிபியாவே குடுங்க"ன்னு வாயத் தொறந்து சொன்னாலொழிய சிஎம்ஒய்கேலயே குடுங்க.

துணிப்பைன்னா கத வேற. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை, அதனால கடைக்காரங்க நெறைய பேரு மஞ்சப்பைக்கு வந்துட்டாங்க. அதுல அடிக்கது ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீனு (வலை கட்டுன சட்டம்), மையக் கலக்கி வச்சு நேரா இழுக்காங்க. இங்க சிஎம்ஒய்கே ஃபைலால ஒரு பிரயோசனமும் இல்ல, அவங்களுக்கு வேணும்கறது "இது செவப்பு, இது பச்சை, ரெண்டே கலர்"னு தனித்தனியா பிரிச்ச டிசைன், ஷேடு கீடெல்லாம் இல்லாம கட்டியான கலரா. போட்டோ போட்ட டப்பா டிசைன அப்படியே பைல போடுங்கன்னு கேட்டு அடம்புடிக்காதீங்க.

பளபளன்னு இருக்க பவுச்சு, சிப்ஸ் பாக்கெட் மாதிரி சாமானெல்லாம் ரோட்டோ கிராவூர்ல அடிக்கது. கலருக்கு ஒரு சிலிண்டர், அந்த சிலிண்டர் செலவே பெருசு, புதுசா ஆரம்பிக்கவங்களுக்கு இது வேண்டாம்பேன். வெறும் பவுச்ச வாங்கி அது மேல நல்ல லேபிள் ஒட்டுங்க, யாவாரம் புடிச்ச பொறவு சிலிண்டர் போடலாம். அப்போ மட்டும் ஒண்ண மறந்துராதீங்க: கண்ணாடி மாதிரி தெரியுற ஃபிலிம்லயோ வெள்ளி மாதிரி மின்னுற ஃபிலிம்லயோ வெள்ளையும் ஒரு கலருதான், அதுக்குத் தனி சிலிண்டர் உண்டு.

வாட்ஸ்அப் ஸ்டேட்டசு, இன்ஸ்டா, ஆன்லைன் கடைல போடுத படம் இதெல்லாம் ஆர்ஜிபி. அதுல குழப்பமே இல்ல.

ஏன் செத்துப்போகுது

ஆர்ஜிபி வெளிச்சம். செவப்பு, பச்சை, நீலம் மூணு லைட்டும் 0ல இருந்து 255 வரைக்கும் எரியும், மூணும் முழுசா எரிஞ்சா வெள்ளை, அணைஞ்சா கருப்பு. பேப்பர்ல நேர் தலகீழு, மை இல்லாத எடம் வெள்ளை, மை ஏற ஏற இருட்டாவும். வெளிச்சத்தால காட்ட முடியுத சில கலர மையால காட்டவே முடியாது, அது பிரஸ்காரன் கொறையும் இல்ல, டிசைனர் கொறையும் இல்ல.

அடிவாங்குறது எதெதுன்னா, ரேடியம் மாதிரி மின்னுற கிளிப்பச்சை, கரண்டு நீலம், நல்ல பளிச் ஆரஞ்சு, ராணிக்கலர் ரோஸ், வயலட். இதுல ஏதாவது உங்க டிசைன்ல முக்கியமான எடத்துல இருந்தா இப்பவே மனச தேத்திக்கிடுங்க, இல்ல ஸ்பெஷல் கலருக்குப் போங்க, அத பின்னால சொல்லுதேன். மஞ்சள், குங்குமச் செவப்பு, மெரூன், காப்பிப்பொடிக் கலரு, கரும்பச்சை இதெல்லாம் நாலு மைக்குள்ளயே வந்துரும், பயப்பட வேண்டாம்.

நம்ம ஊரு சாமானுக்கு இதுல ஒரு நல்லதும் இருக்கு ஒரு கெட்டதும் இருக்கு. நல்லது, அல்வா, கருப்பட்டி, கடலை மிட்டாய், முந்திரிக்கொத்து எல்லாமே பழுப்புக் குடும்பம், சிஎம்ஒய்கே அழகா காட்டிரும், நெய் மினுங்குற போட்டோ கூட நல்லா வரும். கெட்டது, பழுப்புங்கது மூணு நாலு மை சேந்து வார கலரு. அதுல மெஜந்தா ஒரு பொட்டு கூடினா செங்கல் நெறம், சயான் கூடினா பாசி புடிச்ச மாதிரி. ஒரே ஆர்டர்லயே முன்னால அடிச்ச தாளுக்கும் பின்னால அடிச்ச தாளுக்கும் வித்தியாசம் தெரியும், தீவாளிக்கு ஒரு தடவ பொங்கலுக்கு ஒரு தடவ அடிச்சீங்கன்னா ரெண்டு டப்பாவையும் பக்கத்துல வைக்கவே கூடாது. அதனால டப்பா முழுக்க கட்டியா பழுப்புதான் உங்க அடையாளம்னா அத நாலு மைல கட்டாதீங்க, ஒரே ஸ்பெஷல் கலரா கலந்து அடிக்கச் சொல்லுங்க. பழுப்புல பொடி எழுத்து போடுததும் அப்படித்தான், நாலு பிளேட்டும் முடி அளவு வெலகினா எழுத்தச் சுத்தி செவப்பும் நீலமுமா ஓரம் அடிக்கும், வயசானவங்களுக்கு வாசிக்கவே முடியாது.

ஃபைல தொறக்கும்போதே

கோரல் டிரான்னா புது ஃபைல் போடும்போது வார பெட்டிலயே கலர் மோடு கேக்கும், அங்க சிஎம்ஒய்கே போடுங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல பிரிண்டுக்கான புது ஃபைல எடுத்தா தானா அதுலதான் தொறக்கும். கேன்வால செய்யுதவங்க கவனிக்கணும், இலவச கேன்வால எறக்குற பிடிஎஃப் ஆர்ஜிபிதான், சிஎம்ஒய்கேல எறக்கணும்னா துட்டு கட்டுத புரோ வேணும், அப்படி எறக்கினாலும் ஸ்கிரீன்ல நீங்க பாத்தது ஆர்ஜிபிங்கதால அடிச்சு வரும்போது மங்கத்தான் செய்யும். இலவசமா வேணும்னா ஸ்கிரைபஸ்னு ஒண்ணு இருக்கு, சிஎம்ஒய்கே, ஸ்பெஷல் கலர் எல்லாம் உண்டு, கொஞ்சம் பழகணும்.

போட்டோவுக்கு மட்டும் வேற ரூலு. கேமரால இருந்தும் போன்ல இருந்தும் வார போட்டோ ஆர்ஜிபி. வெளிச்சம் ஏத்துறது, அழுக்கு தொடைக்கிறது எல்லாம் ஆர்ஜிபிலயே முடிச்சுட்டு, ஒரிஜினல தனியா வச்சுட்டு, காப்பிய மட்டும் கடைசில ஒரே ஒரு தடவ சிஎம்ஒய்கேக்கு மாத்துங்க. அங்கயும் இங்கயும் மாத்தி மாத்தி விளையாடாதீங்க, ஒருதடவ போன கலரு திரும்பி ஆர்ஜிபிக்கு மாத்தினாலும் வராது. போட்டோ அடிக்கிற அளவுல 300 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி இருக்கணும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனது சுருங்கிப் போயிரும், டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. இப்போ ஏஐல அல்வா படம் செஞ்சு கொண்டாராங்க, அதுவும் ஆர்ஜிபிதான், அளவும் டப்பாவுக்குப் பத்தாம போறது நெறைய, போதாததுக்கு நம்ம அல்வா மாதிரி இல்லாம எங்கயோ உள்ள ஜெல்லி மாதிரி இருக்கு.

மாத்தும்போது எந்த புரொஃபைல்னு கேக்கும், அதாவது எந்த மைக்கும் பேப்பருக்கும் ஏத்த கலர் கணக்குன்னு. பிரஸ்ல கேளுங்க, சொன்னா அதயே போடுங்க. சொல்லலன்னா வழவழ ஆர்ட் போர்டுக்கு ஃபோக்ரா 39 கோட்டட் ஒரு நல்ல பொது கணக்கு. போட்டோஷாப் போட்டதும் தானா இருக்க ஸ்வாப் புரொஃபைல் அமெரிக்கால வெப் மிஷினுக்குன்னு (சுருள் தாள்ல ஓடுதது) செஞ்சது, தனித்தனி தாளா அடிக்க நம்ம ஷீட் மிஷினுக்கு அது சட்டை பொருந்தாத கதைதான். மாத்துததுக்கு முன்னாடியே எப்படி வரும்னு பாக்க போட்டோஷாப்ல கன்ட்ரோல் ஒய் அமுக்குங்க, எந்தெந்த கலரு மைக்குள்ள அடங்காதுன்னு காட்ட ஷிஃப்ட் கன்ட்ரோல் ஒய், அடங்காத எடமெல்லாம் சாம்பலா காட்டும். இத ஒரு தடவ பாத்தாலே பாதி ஏமாத்தம் கொறைஞ்சிரும்.

கருப்பு, அதுதான் பெரிய வில்லன்

புதுசா செய்யுதவங்க அதிகமா மாட்டுதது கருப்புலதான். ஆர்ஜிபில இருக்க சாதா கருப்ப போட்டோஷாப்ல அந்த ஸ்வாப் புரொஃபைல வச்சு மாத்தினா சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90ன்னு (எல்லாம் சதவீதம்) ஆயிரும். ஸ்கிரீன்ல கருப்பாத்தான் தெரியும். ஆனா டப்பா பின்னால இருக்க பொருளடக்கம், விலை, தேதி எல்லாம் நாலு பிளேட்டுல போயி உக்காந்துரும், லேசா வெலகினாலே எழுத்து ரெட்டையா தெரியும். எழுத்துக்கு எப்பவும் கருப்பு 100, மத்த மூணும் 0. ஒவ்வொரு எழுத்தையும் கிளிக் பண்ணிப் பாருங்க, சோம்பேறித்தனம் படாதீங்க.

பெரிய எடம் முழுக்க கருப்பு வேணும்னா வெறும் கருப்பு 100 வெளுத்த சாம்பல் மாதிரி தெரியும், அங்க மட்டும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100ன்னு போடலாம். அதுக்காக எல்லாத்தையும் 100 வச்சுராதீங்க. நாலையும் கூட்டினா வழவழ போர்டுல 300 தாண்டக் கூடாது, வழவழப்பு இல்லாத பேப்பர்ல இன்னும் கொறைவு. தாண்டினா மை காயாது, அடுக்கி வச்ச தாளு ஒண்ணோட முதுகுல ஒண்ணு மைய ஒட்டிவிட்டுரும், அப்பொறம் அந்தக் கட்ட பழைய பேப்பர் கடைக்குத்தான் தூக்கணும்.

வேற சில கணக்கும் சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க. நல்ல செவப்புக்கு மெஜந்தா 100 மஞ்சள் 100. மஞ்சக்கெழங்கு நெறத்துக்கு மஞ்சள் 100 கூட மெஜந்தா ஒரு 10, 15. ஆரஞ்சுக்கு மெஜந்தா 60 மஞ்சள் 100. நீலத்துக்கு சயான் 100 மெஜந்தா 100 போட்டா கத்திரிக்கா கலரு வந்து நிக்கும், மெஜந்தாவ 70க்குக் கீழ எறக்கினாத்தான் நீலம் நீலமா இருக்கும்.

ஸ்பெஷல் கலர் எப்போ

நம்ம பிரஸ்ல ஸ்பெஷல் கலர்ம்பாங்க, கம்ப்யூட்டர்ல ஸ்பாட் கலர்னு இருக்கும். நாலு மைய புள்ளியா கலக்காம, அந்த ஒரே கலர டின்லயே கலந்து தனி பிளேட்டுல அடிக்கது. அதுக்கு உலகம் பூரா நம்பர் போட்டு வச்சிருக்கதுதான் பேன்டோன், 1963ல இருந்து வருது. நம்பருக்குப் பின்னால சி இருந்தா வழவழ பேப்பருக்கு, யு இருந்தா வழவழப்பில்லாத பேப்பருக்கு, மை ஒண்ணுதான், பேப்பர் மாறினா தெரியுத கலரு மாறுது. அந்த கலர் அட்ட விசிறி விலை ஜாஸ்தி, நீங்க வாங்க வேண்டாம், பெரிய பிரஸ்ல இருக்கும், போயி வெளிச்சத்துல பாத்து நம்பர எழுதிட்டு வாங்க. ஸ்கிரீன்ல பாத்து நம்பர் தேர்ந்தெடுக்கது கோட்டித்தனம், ஸ்கிரீனே ஆர்ஜிபிதான்.

எப்போ இதுக்குப் போகலாம்? கடையோட ஒரே அடையாளமா ஒரு கலர் இருந்தா, வருஷக்கணக்கா ஒரே மாதிரி வரணும்னா, நாலு மைல அடங்காத கலர்னா, இல்ல தங்கம் வெள்ளின்னா. தங்கத்த சிஎம்ஒய்கேல போட்டா கடுகு மஞ்சள்தான் வரும், எத்தன ஷேடு குடுத்தாலும் மினுங்காது. பேன்டோன்ல 871ல இருந்து 876 வரைக்கும் தங்கம், வெண்கலம், செம்பு வகை, 877 வெள்ளி, அது நெசமாவே உலோகப் பொடி கலந்த மை. கல்யாணப் பத்திரிகைல மின்னுற மாதிரி வேணும்னா அது ஃபாயில், மை இல்ல, மின்னுற மெல்லிய தாள ஒட்டுதது, அதுக்கு ஃபைல்ல ஃபாயில் வார எடத்த மட்டும் ஒரு ஸ்பாட் கலர்ல தனியா குடுத்து, பேர "ஃபாயில்"னே வச்சுருங்க.

செலவு? நாலு கலரோட அஞ்சாவதா சேத்தா ஒரு பிளேட்டு, மிஷினக் கழுவுற கூலி எல்லாம் கூடும். ஆனா போட்டோவே இல்லாத டிசைன்னா, ரெண்டே ஸ்பெஷல் கலர்ல முடிச்சா மல்டி கலர விட கொறைய வாய்ப்பு இருக்கு, பாக்கவும் நாட்டுச்சாமான் மாதிரி நல்லா இருக்கும். எனக்கு கேட்டா, கருப்பட்டிக்கு போட்டோ போட்ட டப்பாவ விட இதுதான் புடிக்கும்.

ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க, கொறஞ்ச ரேட்டுன்னு நாலஞ்சு பேரு வேலைய ஒரே பெரிய தாள்ல சேத்து அடிக்காங்கள்ல, அதுல ஸ்பெஷல் கலர் கெடையாது. உங்க டப்பாவுல செவப்பு கம்மின்னு மையக் கூட்டினா பக்கத்து ஆளோட முகமும் செவந்துரும், அதனால கூட்டவும் மாட்டாங்க. மொத ஆர்டருக்கு பரவால்ல, கலரு முக்கியம்னா தனியா அடிங்க.

அட்டை சொல்லுறத கேக்கணும்

ஆஃப்செட் மை மூடாது, கருப்பட்டிக் காப்பில விட்ட பால் மாதிரி அடில இருக்கதோட கலந்துதான் தெரியும். அதனாலதான் கிராஃப்ட் அட்டைல, அந்த பழுப்பு காக்கித் தாள்ல, மஞ்சள் அடிச்சா சாணி நெறமா வருது, வெளிர்நீலம் அடிச்சா காணாமலே போகுது. போட்டோவ அதுல போடவே போடாதீங்க. கருப்பு, கரும்பழுப்பு, கரும்பச்சை, அடர் செவப்பு நல்லா நிக்கும். வெளிர் கலர் வேணும்னா அடில வெள்ளை மை தனியா அடிக்கணும், அது இருக்கான்னு மொதல்லயே கேளுங்க.

டப்பாவுக்குப் போடுத டூப்ளக்ஸ் போர்டுல கிரே பேக் (பின்பக்கம் சாம்பல்), ஒயிட் பேக்குன்னு (பின்பக்கம் வெள்ளை) ரெண்டும் உண்டு, அதோட வெள்ளைக்கும் ஆர்ட் போர்டு வெள்ளைக்கும் வித்தியாசம் இருக்கு, கலரு ஒரு படி மங்கும். மேட் லேமினேஷன் போட்டாலும் ஒரு படி எறங்கும், பளபளன்னு இருக்க கிளாஸ் லேமினேஷன் போட்டா கொஞ்சம் அடர்த்தியாவும்.

பச்சைப் புள்ளியும் பார்கோடும்

ரெண்டு கலர்ல அடிக்கலாம்னு சந்தோஷமா போனவங்க மாட்டுத எடம் இது. சைவச் சாமானுக்கு சதுரத்துக்குள்ள பச்சை வட்டம் கட்டாயம், சதுரக் கோடும் பச்சை. உங்க ரெண்டு கலரு பழுப்பும் கருப்பும்னா பச்சைக்கு எங்க போவீங்க? ஒண்ணு, ரெண்டுல ஒரு கலர பச்சையாவே வச்சுக்கிடுங்க, இல்லன்னா மூணாவது பிளேட்டு, இல்லன்னா அந்த விவரத்த எல்லாம் தனி ஸ்டிக்கர்ல போடுங்க. இத டிசைன் ஆரம்பத்துலயே முடிவு பண்ணணும்.

பார்கோடு வெள்ளைப் பின்னணில கருப்பு 100, ஒரே மை. ஸ்கேனர் விடுதது செவப்பு வெளிச்சம், அதுக்கு செவப்புக் கோடும் செம்பழுப்புக் கோடும் வெள்ளையாத்தான் தெரியும், கடைல பீப் சத்தமே வராது. கிராஃப்ட் டப்பான்னா பார்கோடுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுததே உத்தமம்.

மை பத்தி ஒரு வார்த்த: சாப்பாட்டுச் சாமான் பேக்கிங்குக்கு ஐஎஸ் 15495 தரத்துல உள்ள மைதான் போடணும், அடிச்ச பக்கம் பண்டத்துல படவும் கூடாது. அல்வாவுக்கு உள்ள பட்டர் பேப்பரோ கவரோ வைக்கது நெய் ஊறாம இருக்க மட்டும் இல்ல.

புரூஃப் பாக்கும்போது

போன்ல புரூஃப், அதாவது மாதிரி அச்சுப் படம், பாத்து ஓகேன்னு அனுப்பாதீங்க, அதுல எழுத்துப் பெழைய மட்டும்தான் பாக்க முடியும். அதே அட்டைல ஒரு புரூஃப் எடுத்துத் தரச் சொல்லுங்க, கொஞ்சம் துட்டு ஆகும், ஆகட்டும். டியூப் லைட்டுக்கு அடில பாக்காம கடை வாசல்ல வந்து நெழல்ல நின்னு பகல் வெளிச்சத்துல பாருங்க, ஒரே தாளு ரெண்டு எடத்துலயும் ரெண்டு கலரா இருக்கும். டிஜிட்டல் புரூஃப் ஆஃப்செட்டுக்கு அச்சு அசலா இருக்காது, அதயும் தெரிஞ்சு பாக்கணும். முடிஞ்சா மிஷின் ஓடும்போது போயி நில்லுங்க, ஈர மை கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கும், காஞ்சா ஒரு படி மங்கும், அத கணக்குல வச்சு "செவப்பு கொஞ்சம் கூட்டுங்க அண்ணாச்சி"ன்னு அங்கயே சொல்லிரலாம். சரியான கலர் வந்த தாள்ல ரெண்ட எடுத்து கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒண்ண அவங்க கிட்ட குடுத்துட்டு ஒண்ண வெயில் படாத எடத்துல வைங்க, அடுத்த ஆர்டருக்கு அதுதான் சாட்சி.

ஃபைல் குடுக்கும்போது

தமிழ் எழுத்தெல்லாம் கர்வ் ஆக்கிருங்க (ஃபான்ட் தேவைப்படாம வெறும் வடிவமா மாத்துதது), பழைய ஃபான்ட் அவங்க சிஸ்டத்துல இல்லன்னா உங்க கடைப்பேரு ஏதோ மந்திரம் மாதிரி வந்து நிக்கும். வெட்டுற எடத்துக்கு வெளிய 3 மி.மீ. பின்னணிக் கலர நீட்டி விடுங்க. டை லைன, அதாவது மடிக்கிற வெட்டுற கோட்ட, தனி ஸ்பாட் கலர்ல ஓவர்பிரிண்ட் (அடில இருக்க கலர வெட்டாம அது மேலயே அடிக்கது) போட்டு வைங்க, கருப்புல போட்டீங்கன்னா டப்பாவோட சேந்து அச்சாயிரும். வெள்ளை எழுத்துல ஓவர்பிரிண்ட் இருந்தா எழுத்தே மறைஞ்சிரும், அத எடுத்து விடுங்க. அச்சுக்குன்னே உள்ள பிடிஎஃப் எக்ஸ்-1ஏ முறைல எடுத்தா ஆர்ஜிபி எதுவும் ஒளிஞ்சு உள்ள போகாது, சிஎம்ஒய்கேவும் ஸ்பாட்டும் மட்டும்தான் இருக்கும். மெயில்ல அனுப்பும்போது எத்தன கலரு, எந்த அட்டை, எந்த லேமினேஷன், ஸ்பெஷல் கலர்னா நம்பர் என்னன்னு எழுத்துல போடுங்க, போன்ல சொன்னா மறந்துருவாங்க. இன்ஸ்டாக்கும் வாட்ஸ்அப்புக்கும் தனியா ஒரு ஆர்ஜிபி காப்பி எடுத்து வச்சுக்கிடுங்க, பேருல "ஆன்லைன்"னு போட்டு வேற ஃபோல்டர்ல வைங்க, இல்லன்னா அடுத்த தடவ அவசரத்துல அதத்தான் பிரஸ்சுக்கு அனுப்புவீங்க.